ஜப்பான்காரன் வராத மலையில் மூன்று சைக்கிள்கள்

பழனியில் மொட்டை போட்டுக்கொண்டு இறங்கியபோது கையில் நான்கு நாள் மிச்சம் இருந்தது. நேர்த்திக்கடன் என் மனைவியுடையது, தலை மட்டும்தான் என்னுடையது. தன் மூட்டு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தால் என் முடியைத் தருவதாக அவள் ஈப்போவில் இருந்தபடியே முருகனிடம் பேசி முடித்திருந்தாள். என்னை யாரும் கேட்கவில்லை. காரியம் முடிந்ததும் புது மூட்டோடு மதுரைக்குச் சேலை எடுக்கக் கிளம்பிவிட்டாள்.

என்னோடு வந்திருந்தவன் சோங். ஈப்போவில் எங்கள் தெருமுனையில் முப்பது வருடம் டயர் கடை வைத்திருந்த சீனன். கடையை மகனிடம் கொடுத்துவிட்டு, இப்போது யார் எங்கே போனாலும் கூடவே கிளம்பிவிடுகிறான். கோயில் படிக்கட்டில் உட்கார்ந்து கைப்பேசியை நோண்டிக்கொண்டிருந்தவன்தான் அந்த விளம்பரத்தைக் கண்டுபிடித்தான். கொடைக்கானல் மலையில் 'போர்க்காலத் தடங்கள்' என்று ஒரு கிராவல் சைக்கிள் பயணம். காடு, கிராமம், இரண்டாம் உலகப் போர், மதியச் சாப்பாடு எல்லாம் சேர்த்து.

கிராவல் சைக்கிள் என்றால் ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த கைப்பிடியும் தடித்த டயரும் கொண்ட சைக்கிள். தார் போடாத பாதையில் ஓட்டுவதற்காக, வாசல்வரை தார் போட்ட ஊர்க்காரர்கள் கண்டுபிடித்தது. நான் பிறந்த ரப்பர் தோட்டத்தில் எல்லாப் பாதையும் கிராவல்தான். அதில் சைக்கிள் ஓட்டுவதற்கு வறுமை என்று பெயர் வைத்திருந்தோம். சரி, ஞாயிற்றுக்கிழமைதோறும் நானும் சோங்கும் சைக்கிள் மிதிக்கிறவர்கள்தானே என்று ஒத்துக்கொண்டேன்.

உண்மையில் என்னை இழுத்தது அந்தப் 'போர்' என்ற சொல். ஜப்பான்காரன் மலாயாவுக்குள் வந்ததே சைக்கிளில்தான். டயர் வெடித்தால் வெறும் ரிம்மிலேயே கடகடவென்று ஓட்டிக்கொண்டு வந்தான் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். தோட்டத்துத் துரைகள் காரில் ஏறித் தெற்கே பறந்தார்கள், எங்கள் ஆட்களிடம் சொல்லிக்கொண்டுகூடப் போகவில்லை. என் பெரியப்பாவை ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போடக் கொண்டுபோனான். அவர் திரும்பி வரவில்லை. போதாததற்கு முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் நடத்தியிருக்கிறேன். போரைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் சரிபார்க்காமல் விடமுடியாத வியாதி எனக்கு உண்டு.

முதல் நாள் கொடைக்கானல். அதைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லவேண்டும் என்று பார்க்கிறேன். குளிர் நன்றாக இருந்தது. ஏரியைச் சுற்றிக் கார்கள் ஒன்றின் பின்னால் ஒன்றாக நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கடையிலும் 'வீட்டில் செய்த சாக்லேட்' என்று பலகை. இத்தனை சாக்லேட் செய்கிற வீடுகள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. எங்கள் கேமரன் மலையையும் இப்படித்தான் கெடுத்து வைத்திருக்கிறோம், ஆனால் அங்கே கெடுத்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்கிற அளவுக்காவது வெட்கம் இருக்கிறது.

தங்கியது வட்டக்கானலில். இஸ்ரேல்காரர்கள் வந்து குவிகிற இடம், விடுதியின் உணவுப் பட்டியல் பாதி ஹீப்ரு மொழியில் இருந்தது. இட்லி உண்டா என்று கேட்டேன். "பான்கேக் இருக்கு சார், ஷக்ஷூகா இருக்கு சார். இட்லின்னா நீங்க டவுனுக்குத்தான் சார் போகணும்" என்றார் பரிமாறியவர். தமிழ்நாட்டு மலையில் உட்கார்ந்து, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு, தக்காளிச் சாற்றில் முட்டையைத் தொட்டுத் தின்றேன். சோங் இரண்டு தட்டு வாங்கிச் சாப்பிட்டான். அவனுக்கு எதுவும் பிடிக்காமல் போவதில்லை, இது அவனிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

வழிகாட்டி வருண் மாலையில் வந்து சேர்ந்தான். கோயம்புத்தூர்ப் பையன், முப்பது வயதுக்குள்தான் இருக்கும். கணினி வேலையை விட்டுவிட்டுக் 'கதைகளோடு பயணம்' நடத்துகிறானாம். பெடலோடு பூட்டிக்கொள்கிற வகைச் சப்பாத்து போட்டிருந்தான். மறுநாள் காலை எங்களுக்கு வண்டியை எப்படிப் பத்திரமாக நிறுத்துவது என்று செய்து காட்டும்போது, பூட்டைக் கழற்ற மறந்து, நின்ற இடத்திலேயே பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தான். அதற்குப் பிறகு அவன் சொன்ன சரித்திரத்தை நான் எப்படி நம்புவது?

இரண்டாம் நாள் முக்கிய இடம் 'தப்பிக்கும் சாலை'. ஜப்பான்காரன் மெட்ராஸ் கடற்கரையில் இறங்கிவிட்டால் வெள்ளைக்காரர்கள் இந்த மலைக்கு ஏறி, காட்டுக்குள்ளேயே மூணாறுக்குப் போய், அங்கிருந்து கொச்சியில் கப்பல் ஏறுவதற்காகச் சீர்செய்து வைத்த பாதை. வருண் கண்களை விரித்துக்கொண்டு சொன்னான். பாதையின் வாசலில் ஒரு கேட், கேட்டில் பூட்டு, பூட்டுக்குப் பக்கத்தில் ஒரு வனக்காவலர்.

"சைக்கிள் விடமாட்டம்ங்க. உள்ள யானை கெடக்கு" என்றார் அவர்.

"ஜப்பான்காரன் துரத்திக்கொண்டு வந்தாலுமா?" என்று கேட்டேன்.

"அவனும் பர்மிட்டு வாங்கிட்டுத்தான் வரணுங்க."

இந்தப் பயணத்தில் நான் கேட்ட ஒரே அறிவார்ந்த பேச்சு அதுதான். ஆனால் கேட்டுக்கு முன்னால் நின்றபோது எனக்கு வயிறு எரிந்தது. ஒருவனும் வராத ஊரில், துரைகள் ஓடுவதற்கு மலையைக் குடைந்து பாதை தயாராக இருந்திருக்கிறது. அவன் வந்தே விட்ட ஊரில் என் பெரியப்பாவுக்கு ஓட ஒரு ஒற்றையடிப் பாதைகூட இல்லை. வருண் அந்தக் கேட்டின் முன்னால் எங்களை வரிசையாக நிறுத்திச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தான்.

அங்கிருந்து பைன் காடு. ஒரு பறவைச் சத்தம் இல்லை, ஒரு பூச்சி இல்லை, படம் எடுக்கிறவர்கள் மட்டும் இருக்கிறார்கள். அதைத் தாண்டிய பிறகுதான் மலை மலையாக ஆனது. படிப்படியாக வெட்டிய வயல்கள், பூண்டு, கேரட், முட்டைகோஸ். என் பின்டயர் இரண்டு முறை காற்றுப் போனது. ட்யூபுக்குள் தானே ஓட்டையை அடைத்துக்கொள்ளும் பால் ஊற்றியிருக்கிறது என்று வருண் விளக்கிக்கொண்டிருந்தான். அந்தப் பால் என் காலெல்லாம் வழிந்துகொண்டிருந்தது. சோங் ட்யூபை வெளியே எடுத்து, எச்சிலைத் தொட்டு ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டினான்.

மூன்றாம் நாள் காலை, தங்கிய இடத்தில் பால் விடாத கட்டஞ்சாயா குடித்துக்கொண்டிருந்தபோது வருணின் கைப்பேசி அடித்தது. அன்று மதியம் நாங்கள் சாப்பிடவிருந்த வீட்டுக்காரம்மா, செல்வராணி. ஊர் பெயரைச் சொல்லப் போவதில்லை, கேரள எல்லையை ஒட்டிய பூண்டு விளைகிற ஊர்களில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நாங்கள் எல்லோருமே கேட்டோம்.

"தம்பி, ஒரு மணிக்குள்ள வந்துருங்க. ரெண்டு மணிக்கு நான் கெளம்பணும். சாயங்காலம் காப்புக் கட்டுறாங்க, அதுக்குள்ள எல்லையத் தாண்டிரணும். பிள்ளைக்கு நாள் நெருங்கிருச்சு."

வருண் எங்களுக்கு விளக்கினான். செல்வராணியின் மகளைக் கட்டிக்கொடுத்திருப்பது மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்துக்குள். மேடு ஏறிக் காட்டு வழியாக நடந்தால் மூன்று மணி நேரம், சாலை வழியாகச் சுற்றினால் ஒரு முழு நாள். முதல் பிரசவம் இங்கே அம்மா வீட்டில்தான் நடந்தது, குழந்தை தங்கவில்லை. அதனால் இரண்டாவதை அங்கேயே வைத்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்கள். பக்கத்தில் இருக்கிறேன் என்று இவர் மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். ஆனால் இன்று மாலை ஊர்த் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகிறார்கள். கட்டும் நேரத்தில் எல்லைக்குள் இருப்பவர்கள் எட்டு நாளைக்கு வெளியே போய்த் தங்கக்கூடாது. அதிலும் செல்வராணியின் கணவர் கையில் காப்புக் கட்டிக்கொள்பவர். அந்த வீட்டு ஆள் பேறுகால வீட்டில் கால்வைத்தால் தீட்டு. காப்புக்கு முன்பே எல்லையைத் தாண்டிவிட்டால் ஒரு தடையும் இல்லை, திருவிழா முடியும்வரை மகளோடேயே இருக்கலாம்.

"சரி சரி, ஒரு மணிக்குப் போய்விடலாம்" என்று சொன்னேன். நான்தான் சொன்னேன்.

பதினோரு மணிக்கு, சரிவில் ஒரு குழியைக் காட்டி, "இது பங்கர்" என்றான் வருண். உள்ளே கல் கட்டியிருந்தது. குனிந்து போகிற உயரத்தில் ஒரு வாசல். ஜப்பானிய விமானங்களைக் கண்காணிக்க வெள்ளைக்காரச் சிப்பாய்கள் இதற்குள் இரவும் பகலும் காத்துக் கிடந்தார்களாம். வானத்தைப் பார்க்கிறவன் எதற்குப் பூமிக்குள் உட்காருகிறான் என்று கேட்டேன். "பாதுகாப்புக்கு சார்" என்றான். துப்பாக்கி வைக்க ஓட்டை எங்கே என்று கேட்டேன். "அது மூடிப் போயிருக்கும் சார்" என்றான். என் பெரியப்பா பெயர்கூட எங்கேயும் எழுதப்படாத ஒரு போரை இவன் ஒரு குழிக்குள் போட்டு விற்கிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எதிர்ச் சரிவில் ஒருவர் பூண்டுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். கைக்கெட்டும் தூரம் போலத்தான் தெரிந்தது. அவரிடம் கேட்டுவிடுவோம் என்று சைக்கிளைச் சாய்த்துவிட்டு இறங்கினேன்.

"சார், அக்கா வெயிட் பண்ணுவாங்க" என்றான் வருண்.

"ஒருவேளைச் சோறு அரைமணி தாமதமானால் யாரும் செத்துப்போக மாட்டார்கள்" என்றேன்.

ஓடையில் இறங்கி எதிர்ப்பக்கம் ஏற முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவர் பெயர் குழந்தைவேல். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். "அதுங்களா? எங்க அய்யா வெட்டுனதுங்க. வெதைக் கெழங்கு போட்டு வைக்கிற குழி. உருளைக்கெழங்கு போட்ட காலத்துல. எலிக்குப் பயந்துதாங்க உள்ள கல்லுக் கட்டுனது."

எலிக்குப் பயந்து! எனக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. இதை அப்படியே அங்கே வந்து சொல்லவேண்டும் என்று அவரைக் கூப்பிட்டேன். "இன்னைக்குக் காப்புங்க. தண்ணியக் கட்டிட்டு வெரசாப் போகணும், சோலி நெறையாக் கெடக்கு" என்றார். நான் விடவில்லை. மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன், வாத்தியார், ஒரே ஒரு வார்த்தை என்று கெஞ்சினேன். அவர் மடையை மாற்றி முடிக்கும்வரை காத்திருந்து, கையோடு கூட்டிக்கொண்டு வந்து, வருணின் முன்னால் நிறுத்தி, மறுபடியும் சொல்லவைத்தேன். பிறகு வருணிடம் கேள்வி கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். முப்பது வருடம் பழகிய சுகம் அது, சுலபத்தில் நிறுத்த வரவில்லை.

சோங் மட்டும் மலாய் மொழியில், "போகலாம். அந்த அம்மாவுக்குப் போகவேண்டிய வேலை இருக்கிறது" என்றான். "ஐந்து நிமிடம்" என்றேன். நாங்கள் பெடலில் கால் வைத்தபோது மணி இரண்டரை.

ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனோம். மணி நாலே கால். செல்வராணி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நல்ல சேலை, தலையில் பூ, பக்கத்தில் துணி திணித்த வயர்கூடை. எங்களைப் பார்த்ததும் எழுந்து, கூடையை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிட்டு, கை கழுவத் தண்ணீர் கொண்டுவந்தார்.

"ரெண்டு மணிலருந்து போன் போட்டேன் தம்பி. போகவே இல்லை" என்று வருணிடம் சொன்னார். குரலில் கோபம் இல்லை. காட்டுக்குள் சிக்னல் கிடையாது.

"பூட்டிவிட்டுப் போயிருக்கலாமே அம்மா" என்றேன் நான்.

"சோத்த ஆக்கி வச்சிட்டு, பசியோட வர்றவுங்கள விட்டுட்டு எப்படிண்ணே போறது? அவரு விரதம், பரிமாறக்கூடாது. வேற ஆளும் இல்ல. இந்தா வந்துருவாங்க, இந்தா வந்துருவாங்கன்னே உக்காந்துட்டேன்."

அவருடைய கணவர் முத்தையா ஈர வேட்டியோடு முற்றத்தில் நின்றிருந்தார். காப்பு ஆறு மணிக்கு. "இப்பக் கெளம்பினாலும் பாதி மேட்டுலயே இருட்டிரும். காட்டுமாடு கூட்டமாக் கெடக்கு. ஒத்தப் பொம்பளைய எப்படிங்க அனுப்புறது?" என்றார். நாங்கள் கூட வருகிறோம், சைக்கிள் விளக்கு இருக்கிறது, பிரமாதமான வெளிச்சம் என்று நான் சொன்னேன். செல்வராணி என் மொட்டைத் தலையையும் வீங்கிய கால்களையும் ஒருமுறை பார்த்தார்.

"அந்த லைட்டு நல்ல லைட்டுன்னு காட்டுமாட்டுக்குத் தெரியுமாண்ணே?"

ஜீப் பிடிக்கலாமா என்றேன். ஊரிலிருந்த ஜீப்புகள் காப்புக்காக வந்து நின்றுவிட்டன, இனி எட்டு நாளைக்கு வெளித்தங்கல் சவாரி இல்லை. கொடைக்கானலிலிருந்து வரவழைத்தால் வந்து சேர்வதற்குள் ஆறு மணி தாண்டிவிடும். அடுத்த ஊரில் போய்த் தங்கலாமே என்றால், அந்த ஊரும் இதே காப்பில் சேர்த்தி. நான் கேட்டது எல்லாவற்றையும் அவர் இரண்டு மணியிலிருந்து நாலே கால்வரை படியில் உட்கார்ந்து தானே யோசித்து முடித்திருந்தார்.

"கை கழுவிட்டு உக்காருங்கண்ணே" என்றார்.

பூண்டுக் குழம்பு, பீன்ஸ் பொரியல், ரசம், அப்பளம். முழுப் பூண்டுப் பற்கள் வெண்ணெய் மாதிரி கரைந்தன. எனக்கு அசுரப் பசி. வெட்கமில்லாமல் மூன்று முறை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அவர் அடுக்களைக்குள் போய் மகளிடம் பேசுவது கேட்டது. "இல்லடி... வர முடியலடி... ஒண்ணும் ஆகாது, நர்ஸக்கா இருப்பாங்கல்ல..." திரும்பி வந்தபோது கையில் ரசம் இருந்தது.

ஆறு மணிக்குக் கொட்டு அடித்தார்கள். முத்தையாவின் மணிக்கட்டில் மஞ்சள் கயிறு ஏறியது. ஊரே கும்பிட்டது, செல்வராணியும் கும்பிட்டார். கூட்டத்தில் நின்றிருந்த குழந்தைவேல் என்னைப் பார்த்துத் தெரிந்தவர்போலச் சிரித்தார். வெளியாட்களான எங்களுக்கு அந்தக் கட்டு கிடையாது என்று ஒருவர் பக்குவமாக விளக்கினார். நாங்கள் எப்போது வேண்டுமானாலும் போகலாமாம். வருண் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம். பொய்க்கதை சொல்கிறவன் என்று நான் எள்ளிய பையன் ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்குக் கூட்டிப்போகத்தான் பார்த்தான். உண்மையைக் கண்டுபிடிக்கிறேன் என்று கிளம்பிய நான் ஒரு தாயைப் பூட்டிவைத்துவிட்டேன். அந்தக் குழியில் எலி இருந்ததா சிப்பாய் இருந்தானா என்பது இந்த உலகத்தில் யாருக்கு வேண்டும்?

அங்கேயே தங்கினோம். காலையில் வெள்ளனே கிளம்பிவிடலாம் என்று நினைத்தேன், அந்தம்மா முகத்தைப் பார்க்காமல். அதற்குள் அவர் எழுந்து தோசைக்கல்லைப் போட்டிருந்தார். மூன்று பேரையும் வரிசையாக உட்காரவைத்துச் சட்னியை ஊற்றும்போது கைப்பேசி அடித்தது. கை ஈரமாக இருந்ததால் புறங்கையால் ஸ்பீக்கரைத் தட்டிவிட்டுப் போனைத் தரையில் வைத்தார்.

மருமகன் பேசினார். விடியற்காலையில் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருக்கிறார்கள். செல்வராணி கரண்டியைப் பிடித்தபடியே கண்ணை மூடிக்கொண்டார். போனுக்குள் எங்கேயோ குழந்தை அழுதது. பிறகு மகளின் குரல் வந்தது, வற்றிப்போய்.

"அம்மா."

"சொல்லு தங்கம்."

"ராத்திரியெல்லாம் உன்னையத்தாம்மா கூப்புட்டுக்கிட்டே கெடந்தேன்."

தோசை ஓரம் கருகத் தொடங்கியது. வருண் எழுந்து வெளியே போனான்.

"சாப்புட வந்தவுங்க சாப்புட்டாங்களாம்மா?" என்று கேட்டாள் மகள்.

"சாப்புட்டாங்கடி. நல்லாச் சாப்புட்டாங்க."

போன் அணைந்தது. அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கருகிய தோசையை ஓரமாகப் போட்டுவிட்டு, புதிதாக ஒன்று ஊற்றினார். வெந்ததும் அதை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார்.

"இன்னொண்ணு வைக்கவாண்ணே?"

தட்டை நீட்டினேன்.